சுக்கு ஏன் நாறுகிறான்

பிப்ரவரி 17, திங்கள்

முப்பது வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் பூர்ணிமா என்ற பெண் எழுந்து நின்று கேட்டாள்: “சார், எங்க வீட்டு நாய் மேல ஒரு வாசமும் வராது. பெரியப்பா வீட்டு நாய் மட்டும் வாசல்ல போறப்பவே நாறுதுங்க. ரெண்டும் நாய்தானுங்களே, ஏன் சார்?”

வகுப்பே சிரித்தது. அன்றைய பாடம் ஒளிச்சேர்க்கை. “உங்க பெரியப்பா அதைக் குளிப்பாட்ட மாட்டாரு, அதான்” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது.

இன்று காலை அதே கேள்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். சங்கச் செயலாளர் ரத்தினசபாபதி எனக்கு எதிர் வீடு. மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நம்ம சுக்குவைக் கொஞ்சம் கவனிக்கோணும். படி ஏறுறப்பவே ஒரு மாதிரி வருதுங்க.”

“எந்த மாதிரி?”

“எப்படிச் சொல்றது? பீரோவுக்குப் பின்னாடி எலி செத்துக் கெடந்தா வருமே, அது மாதிரி.”

எதையும் யூனிட் கணக்கில் பேசிப் பழகியவர் அவர். உவமை சொல்லும் அளவுக்கு இறங்கிவிட்டார் என்றால் விஷயம் பெரியதுதான்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் வந்த கொரோனா என் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சாம்பார் அடிபிடித்தால் புகையைப் பார்த்துத்தான் அடுப்பை அணைக்கிறேன். அதே காய்ச்சலில்தான் என் மனைவி சுலோசனாவும் போனாள். சுக்குவுக்குப் பெயர் வைத்தது அவள்தான். காய்ந்த சுக்கின் நிறம் அவனுக்கு. மகன் நவநீதன் பெங்களூரில் ஆசைப்பட்டு வாங்கி, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இங்கே கொண்டுவந்து விட்ட காக்கர் ஸ்பேனியல். இப்போது இந்த வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவனை யாரும் குறை சொல்லி வெளியே அனுப்பும்படி விடமாட்டேன்.

பள்ளி ரெக்கார்டு நோட்டில் எழுதுவதுபோல இதில் எழுதப்போகிறேன். நோக்கம்: சுக்கு ஏன் நாறுகிறான் என்று கண்டறிதல்.

உடம்பு நன்றாக இருக்கிறது. போன வாரம் தைப்பூசத்துக்கு இங்கே உடுமலையிலிருந்து பழனி வரை நடந்தேன். இருபத்திரண்டாவது வருடம், எப்போதும் போல வெறுங்கால். கூட வந்த இளவட்டங்கள் மடத்துக்குளம் தாண்டியதுமே கொப்புளம், முள் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஒரு வலியும் இல்லை. தார்ச்சாலையின் சூடுகூடத் தெரியவில்லை. முருகன் தாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 18

காலை உணவுக்குப் பிறகு சுக்குவைப் பால்கனி வெளிச்சத்தில் நிறுத்தி முழுவதும் பார்த்தேன்.

பூர்ணிமாவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான். எல்லா நாய்த் தோலிலும் எண்ணெய் சுரக்கும், சிலவற்றுக்குக் கொஞ்சம், சிலவற்றுக்கு நிறைய. எங்கள் தெருமுனை விறகுக் கடையில் ஒரு நாட்டு நாய் படுத்திருக்கும். குட்டை முடி, விறைத்த காது, மெல்லிய தோல். அதைக் குளிப்பாட்ட யாரும் இல்லை, ஆனாலும் அது நாறாது. வெயிலும் காற்றும் அதன் உடம்பு முழுவதும் போய் வருகின்றன. ஸ்பேனியலுக்கு எண்ணெய் அதிகம், முடி அடர்த்தி. முறுக்குச் சுட்ட சட்டியைத் துடைக்காமல் மூடி வைத்தால் நான்கு நாளில் சிக்கு வாடை வருமே, அதே கதைதான். எண்ணெயைத் தின்ன நுண்ணுயிர்கள் வரும், அவை பெருகும், வாடை கிளம்பும். நாய் நனைந்தால் கூடுதலாக நாறுவதும் இதனால்தான். ஈரம் அந்த வாடையைக் கிளப்பி விடுகிறது.

அடுத்தது காது. தொங்கும் காது மூடி வைத்த டிபன் பாக்ஸ் மாதிரி. சனிக்கிழமை கழுவ மறந்த டிபன் பாக்ஸைத் திங்கட்கிழமை திறந்து பார்த்த எந்தத் தாய்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சுக்குவின் வலது காதில் கொஞ்சம் பழுப்பு அழுக்கு இருந்தது. பஞ்சால் துடைத்தேன்.

உதட்டு மடிப்பு சுத்தம். பாதங்களும் சுத்தம். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும், அதனால் அங்கே லேசாகப் பொரி வாசம் இருக்கும் என்பார்கள். மூக்கை வைத்துப் பார்த்தேன். பழக்கதோஷம்.

பிப்ரவரி 19

மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். வேலைக்கு வரும் மயிலாத்தாளிடம், “இப்ப எப்படி இருக்கு?” என்றேன். “அப்படியேதானுங்க அய்யா” என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆட்டோவில் கால்நடை மருத்துவர் ஷகிலா பானுவிடம் கூட்டிப்போனேன். அலட்டல் இல்லாத பெண். சுக்குவை மேஜையில் ஏற்றி வாயைத் திறந்து பார்த்தார். பல்லில் கொஞ்சம் காரை. காதுக்குள் விளக்கு அடித்தார். லேசான பூஞ்சை, சொட்டு மருந்து எழுதினார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு வாலைத் தூக்கினார். நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் கருவாட்டு வாடை வரும். அழுத்திப் பார்த்துவிட்டு, “காலியாத்தான் சார் இருக்கு” என்றார்.

“அப்ப எதனால டாக்டர்? சாப்பாடா?”

“சாப்பாட்டாலயும் வரும். சிறுநீரகம் கெட்டா வரும், சர்க்கரை வந்தா வரும். எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்.” குனிந்து சுக்குவின் கழுத்திலும் முதுகிலும் மோந்து பார்த்தார். “ஆனா சார், இவன் மேல அவ்வளவு ஒண்ணும் இல்லையே. வீட்ல வேற எங்கயாவது...”

சொல்லிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுக்கு மேஜையிலிருந்து குதித்து வந்து என் கால்மாட்டில் படுத்துக்கொண்டான்.

“சாருக்கு உடம்பெல்லாம் சௌகரியம்தானே?” என்று கேட்டார்.

சர்க்கரைக்குப் பதினாறு வருடமாக மாத்திரை போடுகிறேன், கட்டுக்குள்தான் இருக்கிறது என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றார். நாயைக் காட்ட வந்த இடத்தில் எதற்கு என் கதை? பேச்சை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூடத்துத் தரையில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கறை. சமையலறையிலிருந்து என் சாய்வு நாற்காலி வரை வரிசையாக. மயிலாத்தாளுக்கு இன்று விடுமுறை என்பதால் நானே துடைத்தேன். சுக்குவுக்குத்தான் காலில் எங்கோ காயம் என்று நினைத்து நான்கு பாதங்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பொறுமையாகக் காட்டினான். கடைசியில் என் இடது கால் சாக்ஸை நக்க ஆரம்பித்துவிட்டான். இப்போதெல்லாம் அந்த சாக்ஸை விடுவதே இல்லை. பாசம்.

பிப்ரவரி 24

இடது காலில் சின்னச் செருப்புக் கடி. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து வைத்துக் கட்டினேன். சுக்குவுக்குக் காதுச் சொட்டு மருந்து இரண்டு வேளை.

பிப்ரவரி 27

சுக்குவின் ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் நன்று, சர்க்கரை இல்லை. அவனைப் பொறுத்தவரை நல்ல செய்தி.

மாலை நவநீதன் பேசினான். ரத்தினசபாபதி அவனுக்கே போன் போட்டிருக்கிறார்.

“அப்பா, அந்த வீட்ல நீங்களும் நாயும் தனியா எதுக்கு? கோயமுத்தூர்ல நல்ல ஹோம் பாத்து வெச்சிருக்கேன். டாக்டர் உள்ளேயே இருப்பாரு. வேளைக்குச் சாப்பாடு.”

“நாயை விடுவாங்களா?”

“அதெப்படிப்பா விடுவாங்க?”

“அப்ப பேசாதே.”

“நாயக் குளிப்பாட்டக்கூட உங்களால முடியலன்னு அவர் சொல்றாருப்பா.”

இதுதான் நிலைமை. சுக்குவின் நாற்றம் போகாவிட்டால் சுக்கு போக வேண்டும். எனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் நாங்கள் இருவரும் போக வேண்டும், வேறு வேறு இடங்களுக்கு. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி, வாகன நிறுத்தம் எல்லாம் முடிந்து கடைசியில் சுக்கு.

“நாயி மேல எங்களுக்கு என்னுங்க கோபம்? எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா, ‘என்ன, இங்க தோல் கிடங்கு ஏதாச்சும் இருக்குதா’ன்னு கேக்கறாங்க” என்றாள் முதல் மாடி விசாலம்.

“நேத்துச் சாம்பிராணி போட்டேன் சார். இப்ப சாம்பிராணியும் நாயும் சேர்ந்து வருது. கோயில்ல நாய் செத்த மாதிரி இருக்குது” என்றார் அவள் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தரைத்தள வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஜெயசீலி மட்டும், “பாவம்ங்க, அது என் வாசல்லதான் தெனமும் வந்து படுக்குது. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே” என்றாள்.

“உனக்கு மிஷின் எண்ணெய் நாத்தத்துலயே பழகிப்போச்சு ஜெயா” என்றாள் விசாலம்.

எழுந்து அவர்களுக்கு விளக்கினேன். எண்ணெய்ச் சுரப்பி, காது, பல், அந்த இரண்டு பைகள், நுண்ணுயிர்கள். முறுக்குச் சட்டி, டிபன் பாக்ஸ் உதாரணங்களும் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு பேர் நான் பேசுவதைக் கேட்டது இதுதான் முதல் முறை. கைதட்டாத குறை. “சார் சொன்னப்புறம்தான் புரியுது, அந்த ஜாதியே அப்படித்தான் போல” என்றார் ரத்தினசபாபதி. பதினைந்தாம் தேதி வரை தவணை கொடுத்தார்கள்.

நின்றபோது இடது பக்கம் செருப்பு ஈரமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 4

ஒரு பொருளால்தான் ஒரு விளைவு வருகிறதா என்று அறிய, அந்தப் பொருளை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பாடம் இது. இலையில் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்து வெயிலில் வைக்கிறோம் அல்லவா, அது போல.

இன்றிலிருந்து இரண்டு நாள் சுக்கு ஜெயசீலி வீட்டில். அவன் பாய், தட்டு எல்லாவற்றையும் கீழே அனுப்பிவிட்டேன். இங்கே தரை முழுக்கப் பினாயில் போட்டுத் துடைக்கச் சொன்னேன். மேல் வீட்டில் மயிலாத்தாளும், கீழ் வீட்டில் ஜெயசீலியும் மூக்கு. நான் பதிவாளர்.

மார்ச் 6

ஜெயசீலி சொன்னது: “ரெண்டு நாளும் கட்டிலுக்குப் பக்கத்துல எங்க பாய்லதான் சார் படுத்திருந்தான். ஒரு வாடையும் இல்லீங்க. என் தங்கச்சி மகள் கட்டிப் பிடிச்சிட்டே தூங்கினா.”

மயிலாத்தாள் உள்ளே வந்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். கேட்டதற்கு, “இருக்குதுங்க அய்யா. நேத்தைக்கி மேல இன்னிக்கு ஜாஸ்தி” என்றாள்.

முடிவு: தெளிவாக இல்லை. திரைச்சீலையிலும் மெத்தையிலும் பழைய வாடை தங்கியிருக்கக்கூடும். இரண்டு நாள் போதாது.

மார்ச் 8

பழைய வேட்டி ஒன்றைக் கீற்று கீற்றாகக் கிழித்தேன். நாளுக்கு இரண்டு கட்டு ஆகிறது. வயதானால் செருப்புக் கடி ஆற நாளாகும். வலி இல்லை என்பதால் கவலையும் இல்லை.

அண்ணன் பொன்னுசாமியின் நினைவு. அவருக்குக் கால் கட்டைவிரலில்தான் புண் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம், பிறகு முழங்காலுக்கு மேலே. ஆடியில் நடந்து போனவரை ஐப்பசியில் தூக்கி வந்தார்கள். கார்த்திகை தீபம் பார்க்கவில்லை. போகாமலே இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அண்ணி இன்றும் சொல்வாள். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் முன்னதுதான் காரணம் என்று ஆகாது. இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இன்று அண்ணி சொன்னதே காதில் நிற்கிறது.

கட்டு மாற்றும்போது சுக்கு வந்து துணியைப் பல்லால் பிடித்து இழுத்தான். விடவில்லை. பாதத்துக்கு அடியில் மூக்கை நுழைத்து நக்கினான். போடா என்று தள்ளினேன், மறுபடி வந்தான். கைத்தடியால் அடித்துவிட்டேன். ஏழு வருடத்தில் முதல் அடி. கத்தவில்லை. கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மயிலாத்தாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“அய்யா, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நாயி இல்லீங்க அய்யா. கால காட்டுங்க.”

“என்ன பேசுற?”

“எங்க மாமனாருக்கு இதே வாசந்தானுங்க. பதினஞ்சு நாளா நானும் பாக்கறேன். அய்யா எந்திரிச்சுப் போனா வாசமும் எந்திரிச்சுப் போவுது. அய்யா உக்காந்தா உக்காருது. அந்த வாயில்லாச் சீவன் மேல பழியப் போடாதீங்க. சாக்ஸக் கழட்டுங்க, நான் பாக்கறேன்.”

தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள். எனக்கு என்ன வந்ததோ, வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. “எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? வேலைய முடிச்சுட்டுக் கெளம்பு! இத யார்கிட்டயாவது சொன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்!”

எழுந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லலீங்க. ஆனா வரவும் மாட்டேனுங்க. பாத்துட்டு சும்மா இருக்க என்னால ஆகாது.”

துடைப்பத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 12

மயிலாத்தாள் வரவில்லை. பாத்திரம் நானே கழுவினேன்.

மார்ச் 14, வெள்ளி

பதினைந்து வரை காத்திருக்கவில்லை. பழைய மாணவன் குப்புராஜுக்குத் தளி ரோட்டில் தென்னந்தோப்பு இருக்கிறது. “நாய் ஒண்ணு வேணும்னு சொன்னியே” என்று கேட்டேன். மதியம் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வாசலில் எல்லோரும் கூடினார்கள். குப்புராஜ் சுக்குவைத் தூக்கி, கழுத்தில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “நாத்தம்னு சொன்னாங்க, ஒண்ணும் காணோமே சார்” என்றான்.

“குளிப்பாட்டியிருக்கு. ரெண்டு நாள்ல தெரியும்” என்றேன்.

“சாருக்கு மனசு கேக்குமுங்களா?” என்றாள் விசாலம். ரத்தினசபாபதி என் கையைப் பிடித்து, “பெரிய மனசு சார் உங்களுக்கு. எல்லாருக்காகவும் விட்டுக்கொடுத்துட்டீங்க” என்றார். நன்றி சொன்னேன். ஜெயசீலி மட்டும் வெளியே வரவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டியில் ஏற்றும்போது சுக்கு இரண்டு முறை குதித்து இறங்கி வந்து என் இடது காலைச் சுற்றினான். மூன்றாவது முறை கயிறு கட்டினார்கள்.

அவன் போய்விட்டால் இனி யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 16

ரத்தினசபாபதி கதவுக்கு வெளியே நின்றபடி, “இன்னும் கொஞ்சம் இருக்குது சார். சுவத்துல ஊறியிருக்கும். வெள்ளையடிச்சா போயிரும்” என்றார். ஆமாம் என்றேன். குளிர் எடுக்கிறது. பங்குனி வெயிலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன். சாக்ஸ் ஒட்டிக்கொண்டுவிட்டது. கழற்றவில்லை.

மார்ச் 17

காய்ச்சல். தட்டில் சோறு போட்டு சுக்குவைக் கூப்பிட்டேன். பிறகுதான்

மார்ச் 30, ஞாயிறு. கோயமுத்தூர், ஆஸ்பத்திரி

பதினெட்டாம் தேதி காலை பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடப்பதை ஜெயசீலி பார்த்திருக்கிறாள். கதவைத் தட்டியிருக்கிறாள். பிறகு மயிலாத்தாளைக் கூட்டி வந்திருக்கிறாள். அவளிடம்தான் மாற்றுச் சாவி இருந்தது. சாக்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தவளும் அவள்தானாம். உள்ளங்காலில் ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குக் குழி. அதற்குள் ஒரு குமிழ் ஆணி, துருப்பிடித்துக் கிடந்தது. பழனி வழியில் ஏதோ ஒரு இடத்தில் ஏறியிருக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் நான் மலையும் ஏறியிருக்கிறேன். வலிக்கவில்லை என்று பெருமைப்பட்டேன். சர்க்கரை காலின் நரம்பைத் தின்றுவிட்டால் வலி போய்விடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா?

பத்தொன்பதாம் தேதி முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இருபது நாள் முன்னால் என்றால் மருந்தோடு. அவர் திட்டவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

நவநீதன் பகலெல்லாம் போனில் வீட்டை விற்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். காயம் ஆறியதும் இங்கிருந்து நேராக அந்த ஹோம்தான்.

இந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து படித்தேன். மார்ச் 6ஆம் தேதிப் பக்கத்தில் ‘தெளிவாக இல்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் ரெக்கார்டு நோட்டு திருத்தியவன் நான். பிள்ளைகள் வந்த முடிவை மறைத்து வேண்டிய முடிவை எழுதினால் அந்தப் பக்கத்தையே கிழிக்கச் சொல்வேன். அன்றைக்கு முடிவு தெளிவாகத்தான் இருந்தது. பிப்ரவரி 24 அன்றே நான் குழியைப் பார்த்துவிட்டேன். செருப்புக் கடி என்று எழுதினேன். சுக்குவைக் காப்பாற்றுவதற்காக மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் இல்லை. நாற்றத்துக்கு ஒரு சொந்தக்காரன் வேண்டியிருந்தது. அவனுக்குப் பேச்சு வராது.

இன்று மாலை குப்புராஜ் வந்தான். இளநீர் கொண்டுவந்தான். காலியாக இருந்த போர்வைப் பக்கத்தைப் பார்க்காமல் பேசினான்.

“சுக்கு எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கானுங்க சார். மொத நாலு நாள் சாப்பிடல. இப்ப சாப்பிடறான். எம் பொண்ணு கூடவே திரியறான்.”

“நாத்தம்?”

“மழையில நனைஞ்சா கொஞ்சம் வரும். அது எல்லா நாய்க்கும் வர்றதுதானுங்களே.” இளநீர் ஒன்றைக் கையில் எடுத்தான். “ஒண்ணுதான் சார். தோப்புக்கு யார் வந்தாலும் மொதல்ல கால மோந்து பாக்கறான். தேங்கா போடறவங்க, உரம் கொண்டாறவங்க, ஒருத்தரையும் விடறதில்ல. ரெண்டு காலும் பாத்துட்டுத்தான் உள்ள விடறான்.”

“ஒருநாள் கூட்டிட்டு வர்றியா?”

“ஆஸ்பத்திரிக்குள்ள விட மாட்டாங்க சார்.”

“ஹோமுக்கு?”

அவன் இளநீரைச் சீவ ஆரம்பித்தான். எனக்கும் பதில் தெரியும். நவநீதன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

பூர்ணிமா இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. சில நாய்கள் தோலில் ஊறும் எண்ணெயால் நாறும். சில, மூடிய காதால், அழுகிய பல்லால், அடைத்துக்கொண்ட பைகளால். சில, உள்ளே இருக்கும் நோயால். இன்னும் சில நாய்கள் நாறுவதே இல்லை, பக்கத்தில் இருக்கும் மனிதன் நாறுகிறான். வீட்டில் நாய் இருந்தால் அதை யாரும் யோசிப்பதில்லை.

இந்த நோட்டு யார் கைக்குப் போகுமோ தெரியாது. படிக்கிறவருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இன்று குளித்து முடித்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியை வெளிச்சத்தில் தரையில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் உள்ளங்கால்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக அதன் மேல் நீட்டி, விரல் இடுக்கு வரை பாருங்கள்.